முன்னிலையில் எழுதிப் பழகுவோம்: அந்த 'நீ' யார்?

பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். 'அவள்' என்று எழுதினால் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. 'நான்' என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தத் தண்ணீரில் நான் முங்கியதே கிடையாது. மிச்சம் இருந்தது 'நீ'. எழுதிப் பார்த்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளியில் படித்ததுதான்: பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை, பேசப்படுவது படர்க்கை. முன்னிலை நமக்குப் புதிதும் இல்லை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, எதிரே வரும் இன்னொரு கலைஞனிடம் 'இப்படிப் போ, இன்னது கிடைக்கும்' என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் 5 பாட்டு அந்த வகை.

முதல் படி: யாரிடம் பேசுகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அழிந்தன. அதே சுவரை மூன்று பேருக்குச் சொல்லலாம்.

ஊர் பார்க்க வருபவருக்கு: "மணலில் கொஞ்சம் நடந்தால் தேவாலயச் சுவர் தெரியும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்."

வாசகரையே கதைக்குள் இழுக்க: "சுவரில் கை வைக்கிறாய். பவளக்கல் உள்ளங்கையில் சொரசொரவென்று உறுத்துகிறது."

இறந்துபோன ஒருவருக்கு: "இங்கேதான் உனக்கு ஞானஸ்நானம் நடந்தது. அன்றைக்கு அந்த ரயிலில் நீ ஏறாமல் இருந்திருக்கலாம்."

மூன்றாவதைப் படிக்கும்போது வாசகர் ஒதுங்கி நின்று ஒட்டுக்கேட்கிறார். மூன்றும் முன்னிலைதான், ஆனால் ஒரே பக்கத்தில் கலந்தால் குழம்பிவிடும். 'நீ', 'நீங்கள்' மாறி மாறி வருவதும் அப்படியே.

இரண்டாம் படி: 'நீ'யை வெட்டுங்கள்

இங்கேதான் புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். என்னுடைய முதல் வரைவு இது:

"நீ கடலில் இறங்குகிறாய். நீ மூச்சை அடக்குகிறாய். நீ பாசியைப் பறிக்கிறாய். நீ மேலே வருகிறாய்."

தந்தி அடித்த மாதிரி இருக்கிறது, இல்லையா? தமிழில் 'இறங்குகிறாய்' என்றாலே 'நீ' அதற்குள் இருக்கிறது. தனியாக எழுதத் தேவையில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, வரிசையாக வரும் அந்தக் 'கிறாய்'. அதற்கு நம் மொழியிலேயே வழி உண்டு: வினையெச்சமாகக் கோத்துவிடலாம், பொருளை எழுவாயாக்கலாம், 'உனக்கு' என்று திருப்பலாம். திருத்திய வடிவம்:

"விடியக் கருக்கலில் இறங்குகிறாய். விரல்களில் துணி சுற்றியாகிவிட்டது. இடுப்பில் பை. மூச்சை அடக்கி முங்கியதும் காதில் கடல் இரைகிறது. பாறை உள்ளங்காலைக் கிழித்தது மேலே வந்த பிறகுதான் உனக்குத் தெரிகிறது."

ஐந்து வாக்கியத்தில் 'கிறாய்' ஒன்றுதான். ஆனாலும் யாருக்கு நடக்கிறது என்பதில் சந்தேகமே வராது.

மூன்றாம் படி: காலம்

'இறங்கினாய், பறித்தாய், விற்றாய்' என்று அடுக்கினால் குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். 'இறங்குவாய், பறிப்பாய்' என்றால் வழக்கமாகச் செய்வதாகவோ குறி சொல்வதாகவோ ஒலிக்கும். தொடக்கத்தில் நிகழ்காலமே பாதுகாப்பு. (கோபமான கடிதம் எழுதுவதென்றால் இறந்தகாலம்தான் சரி.)

நான்காம் படி: வாசகர் மறுக்க முடியாததில் தொடங்குங்கள்

'நீ உன் கணவனை வெறுக்கிறாய்' என்று ஆரம்பித்தால், 'நானா? இல்லையே' என்று வாசகர் வெளியே போய்விடுவார். உப்புத் தண்ணீர் புண்ணில் பட்டால் எரியும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். உடம்பில் தொடங்கி, அப்புறம் மனசுக்குப் போங்கள். அதேபோல, அந்த 'நீ' பார்க்காததை, கேட்காததை எழுதக் கூடாது. கரையில் பாசியை எடை போடும் வியாபாரி மனதில் என்ன ஓடுகிறது என்று நீருக்குள் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அவர் முகத்தை மட்டும் காட்டலாம்.

சரி, இப்போது பயிற்சி. உங்கள் வீட்டில் யாராவது தினமும் கையால் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வலை பொத்துவது, மீன் ஆய்வது, கருப்பட்டி காய்ச்சுவது, எதுவானாலும். பத்து வரி, 'நீ' என்ற சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது. எழுதியதை அந்த வேலையைச் செய்பவரிடமே வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் 'இல்லை, அப்படிச் செய்ய மாட்டேன்' என்று நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.