கமகம் சிதையாமல் குரலைத் திருத்துவது

சுருதி விலகிய குரலைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் என்றாலே கர்நாடக இசைப் பாடகர்கள் பலருக்கு முகம் சுருங்கும். நியாயமான கோபம். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே கமகமாக, அதாவது ஸ்வரத்தை அசைத்து, பாடிய தோடி ராகக் காந்தாரம் மறுநாள் படிக்கட்டாகக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்தக் கெடுதலில் பெரும்பங்கு அவசரத்தில் வைத்த செட்டிங்கினால் வருவது.

தம்புராவைப் பாடுபவரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும் கொடுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் மைக்கில் கசியும். பிறகு குரலை நகர்த்தும்போது கசிந்த தம்புராவும் கூடவே நகர்ந்து சுருதி கலங்கும். மிருதங்கம் அதே அறையில் ஒலித்தால் மென்பொருளுக்குக் குரலின் ஸ்வரமே சரியாகப் பிடிபடாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். எஃபெக்ட் எதுவும் சேர்க்காத குரல்தான் வேண்டும்.

பாடகரின் சுருதி ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. ஆனால் சுருதிப் பெட்டி சில சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகி நிற்பதுண்டு. டியூனரில் அளந்து, அந்த விலகலை மென்பொருளிலும் பதியுங்கள். இதை விட்டால் திருத்திய ஒவ்வொரு ஸ்வரமும் தம்புராவோடு உரசும்.

திருத்த மெலடைன் என்ற மென்பொருள் வசதி. அதில் மெலடிக் அல்காரிதத்தையும், ஸ்வரங்களைத் திரையின் கட்டத்துக்குத் தானாக இழுக்காத ‘நோ ஸ்னாப்’ அமைப்பையும் வையுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் நேராக்கவே கூடாது. அசையாமல் நிற்கும் ஸட்ஜம், பஞ்சமம், கார்வைகள் (நீட்டி நிறுத்தும் ஸ்வரங்கள்) இவற்றின் மையத்தை மட்டும் தொடுங்கள். கமகத்தை மென்பொருள் மூன்று துண்டாக வெட்டியிருந்தால் முதலில் ஒட்டுங்கள்; பிறகு தேவையானால் முழுப் பிடியையும் (ஸ்வரத் தொகுப்பையும்) ஒன்றாக நகர்த்துங்கள். ஸ்வரத்தின் ஏற்ற இறக்க அளவான பிட்ச் மாடுலேஷனைக் குறைத்தால் அசைவு செத்துவிடும். ஆட்டோ-டியூன்தான் கையில் இருக்கிறதென்றால் ரீட்யூன் ஸ்பீடை (ஸ்வரத்தை எவ்வளவு விரைவில் இழுக்கிறது என்ற அளவை) 80 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், கமகம் வரும் இடங்களில் பைபாஸ் போட்டுத் திருத்தத்தை நிறுத்துங்கள்.

உயர்ந்த காந்தாரமான அந்தர காந்தாரத்தில் தனிக் கவனம் வேண்டும். திரையின் கட்டம் அதை ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட்டில் வைக்கும்; தம்புராவின் நாதத்துக்குள் தானாக எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386-இல் நிற்கிறது. பாடகர் தம்புராவைக் கேட்டுப் பாடியதைக் கட்டத்துக்கு இழுத்தால், சரியாக இருந்ததைக் கெடுத்ததாகும். இந்த ஒரு தவறுதான் சங்கராபரணத்தையும் கல்யாணியையும் கீபோர்டு வாசனையோடு ஒலிக்க வைக்கிறது. ஆகவே குரலைத் தனியாகப் போட்டுக் கேட்காதீர்கள், எப்போதும் தம்புராவோடு கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு சரணத்தில் ஐந்தாறு இடங்களுக்கு மேல் கைவைக்க வேண்டிவந்தால் மறுபடி பாடச் சொல்வதே மரியாதை. திருத்தும்போது பாடகர் பக்கத்தில் இருக்கட்டும். அசல் டேக்கைத் தனி டிராக்கில் மியூட் செய்து வையுங்கள். அவர் கேட்டால் அந்த வரிக்கு மட்டும் அதையே திருப்பிப் போட்டுவிடலாம்.