ரெட்டை கார்புரேட்டர் கிட் கார்ல (பாகமா வாங்கி நாமளே பூட்டுற கார்) ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காதப்போ இன்ஜின் ஓடுற வேகம், செட் பண்றது

கார்புரேட்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி வால்வ் கிளியரன்ஸ், பிளக், இக்னிஷன் டைமிங் மூணும் சரியா இருக்கான்னு பாருங்க, பாதி நேரம் கோளாறு அங்கதான் இருக்கும், பாவம் கார்புரேட்டர் திட்டு வாங்கும். இது எஸ்யூ (SU) டைப்புக்கு சொல்றேன், உள்ள ஒரு பிஸ்டன் ஏறி இறங்குற கார்புரேட்டர் அது. வண்டிய வெட்டவெளியில நிறுத்தி, இன்ஜின் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட விடுங்க, சோக் முழுசா உள்ள போயிருக்கணும்.

இப்போ ஏர் ஃபில்டர கழட்டிட்டு ரெண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற திராட்டில் ராடோட கிளாம்ப லூஸ் பண்ணுங்க. இத விட்டுட்டா எவ்ளோ திருகினாலும் ஒண்ண தொட்டா இன்னொண்ணும் சேந்து ஆடும், நான் ஒரு நாள் பூரா இப்படி மண்டைய பிச்சிருக்கேன். ஒரு ரப்பர் டியூப காதுல வச்சு இன்னொரு முனைய ஒவ்வொரு கார்புரேட்டரும் காத்து இழுக்கிற வாய்கிட்டயும் பிடிங்க, ரெண்டுலயும் "உஸ்"னு ஒரே மாதிரி சத்தம் வர்ற வரைக்கும் ஐடில் ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க.

அடுத்து மிக்ஸர், அதாவது பெட்ரோலும் காத்தும் கலக்குற அளவு. ஒரு கார்புரேட்டர்ல பிஸ்டன ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்க, ஸ்பீடு ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி, உடனே விழுந்தா கம்மி, லேசா ஏறி பழையபடி வந்துட்டா கரெக்ட். கீழ இருக்கிற ஜெட் நட்ட கீழ இறக்கினா ரிச் (பெட்ரோல் கூடும்), மேல ஏத்தினா லீன் (பெட்ரோல் குறையும்), ஒரு தடவைக்கு ஒரு பட்டை, அதாவது நட்டோட ஒரு பக்கம் அளவுக்கு மட்டும் திருப்புங்க. அடுத்த கார்புரேட்டர்லயும் இதே. மிக்ஸர் மாறினா ஐடிலிங்கும் மாறும், அதனால திரும்ப டியூப் வச்சு கேட்டுட்டு 800லருந்து 1000 ஆர்பிஎம்குள்ள வச்சு கிளாம்ப டைட் பண்ணுங்க.