பின் வரிசையில் நின்று தாய்ச்சி கற்கிறவர்களுக்கு

பினாங்கில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவிலோ இளைஞர் பூங்காவிலோ காலையில் தாய்ச்சி என்கிற மெதுவான சீன உடற்பயிற்சிக் கலையைச் செய்யும் குழுவோடு சேருகிற நம்மவர்கள் பெரும்பாலும் பின் வரிசையில்தான் நிற்பார்கள். சிஃபு, அதாவது ஆசான், ஹொக்கியன், மாண்டரின் என்ற சீன மொழிகளில் சொல்வது புரியாவிட்டால், முன்னால் நிற்பவரின் கையைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான். கை அசைவு சீக்கிரம் பிடிபட்டுவிடும். உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுதான் கண்ணுக்குப் படாது. மூட்டு கெடுவதும் அங்கேதான்.

முதலில் நிற்கும் முறை. பாதங்கள் தோள் அகலத்தில், இணையாக. முழங்காலை இறுக்கிப் பூட்டாமல் சற்றே தளர்த்துங்கள். உச்சந்தலை மேலே, தாடை கொஞ்சம் உள்ளே, வால் எலும்பு நேர் கீழே. தோளை இறக்கி, முழங்கையைத் தொங்கவிடுங்கள். அக்குளில் ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி இருக்கட்டும். பள்ளி சபைகூடலில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற பழக்கம் இங்கே உதவாது. நெஞ்சு முன்னே தள்ளினால் இடுப்புக்கு மேல் முதுகு வளையும், மூச்சும் மேலேயே நின்றுவிடும்.

அடி வைப்பதற்கு, 1956இல் சீனாவில் தொகுக்கப்பட்ட 24 அசைவுத் தொடரில் வரும் ‘காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்’ நல்ல பாடம். அது இடம், வலம், இடம் என்று மூன்று முறை வரும். கையை மறந்துவிட்டு காலை மட்டும் செய்து பாருங்கள்.

எடை முழுவதும் வலக்காலில். இடக்காலை முன்னே நீட்டி, குதிகாலை மட்டும் தரையில் தொடுங்கள். இங்கே நின்று ஒரு சோதனை: உடம்பு அசையாமல் அந்தக் காலை மறுபடி தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் அடி வைக்கவில்லை, விழுந்திருக்கிறீர்கள், அடியைச் சுருக்குங்கள். பிறகு பாதம் முழுவதும் படிய, எடையை மெல்ல முன்னே கொண்டுபோங்கள். முன்காலில் 70 விழுக்காடு, பின்காலில் 30. முழங்கால் இரண்டாம் விரலின் திசையில் இருக்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்தால் தள்ளாடும்; குதிகால்களுக்கு இடையே பக்கவாட்டில் 20, 30 சென்டிமீட்டர் விடுங்கள்.

அடுத்த அடிக்குப் போகும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். எடை முன்காலில் இருக்கும்போதே பாதத்தைத் திருப்பினால், தரையில் அழுந்திய பாதம் திரும்பாது, முழங்கால்தான் முறுகும். முதலில் எடையைப் பின்காலுக்கு வாங்குங்கள். முன்பாதத்தின் விரல்கள் தாமாக எழும்பும். இடுப்பைத் திருப்பினால் பாதமும் கூடவே சுமார் 45 பாகை வெளியே திரும்பும். அதன்பிறகு எடையை ஏற்றி, பின்காலை எடுத்து வாருங்கள். இவ்வளவிலும் தலை உயரம் மாறாமல் இருந்தால் தொடை எரியும், அது சரிதான்.

மூச்சைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அடி தடுமாறாமல் வரும் வரை மூக்கால் இயல்பாக மூச்சு விட்டால் போதும், வாய் மூடி, நாக்கு நுனி மேலண்ணத்தில். பிறகு தொப்புளுக்கு மூன்று விரல் கீழே கையை வைத்து, இழுக்கும்போது வயிறு விரிகிறதா என்று பாருங்கள். தோள் எழும்பினால் மூச்சு மேலேயே நிற்கிறது. கைகள் சேரும்போது இழுத்து, பிரியும்போது விடுவது பொது வழக்கம். அசைவு நீண்டு மூச்சு போதவில்லை என்றால் இடையில் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கிப் பிடிப்பது கூடாது, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. வலிந்து ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலை சுற்றும்.

மழை பெய்த மறுநாள் புல்லில் வேண்டாம், சிமெண்டுத் தரைதான் நல்லது. தடித்த குதியுள்ள ஜோகிங் காலணி உடலை முன்னே சாய்க்கும். தட்டையான அடிப்பாகம் உள்ளதை அணியுங்கள். பசியாறியிருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். தண்ணீர்மலையில் பிளாஸ்டிக் பையை ஓரமாக வைத்துவிட்டு ஆடினால் குரங்கு கொண்டுபோய்விடும்.

மறுநாள் தொடையின் முன்பக்கம் வலித்தால் தொடருங்கள். முழங்காலின் உட்பக்கம் வலித்தால், எடையோடு பாதத்தைத் திருப்புகிறீர்களா, முழங்கால் உள்ளே சரிகிறதா என்று பார்த்து, முழங்காலை மடக்கி இறங்கும் ஆழத்தைப் பாதியாக்குங்கள். அப்படியும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.