பழைய டிரம்ஸ் வாங்கினால் மரத்தில் கை வைக்காதீர்கள்

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வண்டிக்குப் பின்னால் ஒரு டாம் டிரம்மைக் கட்டிக்கொண்டு வந்தார். பழைய பிரீமியர் கம்பெனி சரக்கு. 14 அங்குலம். வெள்ளை முத்து நிற ஷீட் ஒட்டியது. தோல் கிடையாது. மேல் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது.

"புதுத் தோல் உள்ள இறங்க மாட்டேங்குதுண்ணே. இந்தக் கோடு வரைக்கும் இழைச்சா உக்காந்துரும்னு ஆசாரி சொன்னாரு. நாளைக்குக் குடுக்கப் போறேன்."

அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. 1994இல் இதே மாதிரி ஒரு டாமில் இதே கோட்டை நான் இழுத்தேன். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மதுரை மெல்லிசைக் குழுக்களில் 1987 முதல் வாசித்தவன் நான். சித்திரைத் திருவிழா, ஆடி முளைப்பாரி, கல்யாண வரவேற்பு என்று எல்லா மேடையும் உண்டு. ரோலண்ட் கம்பெனியின் ஆக்டபேட், குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் பேட், 1985இல் வெளிவந்தது. அது எங்கள் ஊர்க் குழுக்களுக்கு வந்து சேர்ந்த பிறகு, வேனில் பாதி இடத்தை அடைக்கும் டிரம் செட்டை யாரும் ஏற்றிக்கொண்டு போக விரும்பவில்லை. கலைந்துபோன பேண்டு செட்டுகள், பள்ளிக்கூடங்கள், தேவாலயக் குழுக்கள் என்று எல்லா இடத்திலும் டிரம்கள் பரணுக்கு ஏறின. இன்று அவற்றைத்தான் இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மனதுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வாங்கிய முதல் வாரத்திலேயே அவற்றைக் கெடுத்துவிடுவதைப் பார்த்தால்தான் தாங்கவில்லை.

ஸ்டாண்டு உடைந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பேட்ஜைப் பார்த்து விலை பேசுவது

பேட்ஜ் என்பது காற்றுத் துளையில் ஒரு சின்னக் கண்ணியால் பிடித்திருக்கும் தகடு. அதைக் கழற்றி வேறொரு ஷெல்லில், அதாவது டிரம்மின் மர உடலில், மாட்டப் பத்து நிமிடம் போதும். லட்விக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர் எழுதியிருப்பதால் அது லட்விக் ஆகிவிடாது. லட்விக் பேட்ஜில் 1963-64 வாக்கிலிருந்து வரிசை எண் இருக்கும். ஆனால் பேட்ஜ்களை எண் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. அதனால் எண்ணை மட்டும் வைத்து ஆண்டைக் கணக்கிட்டால் தப்பிப்போகும். தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். 1960களின் லட்விக் பலவற்றில் உள்பக்கம் சிவப்பு மையில் தேதி குத்தியிருக்கும். மர அடுக்குகள் எத்தனை, ஓரத்தில் பலத்துக்கு வளையம் கொடுத்திருக்கிறார்களா, பிற்பாடு துளைத்து அடைத்த ஓட்டை உண்டா என்பதெல்லாம் உள்ளேதான் தெரியும்.

நம் பக்கம் கிடைக்கும் பெரிய பேஸ் டிரம்கள் பல மீரட்டில் செய்தவை. அங்கே பல தலைமுறைகளாக பேண்டு வாத்தியம் செய்கிறார்கள். அதில் இங்கிலீஷ்காரன் பேட்ஜை மாட்டி விற்றால் அது மோசடி. ஆனால் மீரட் டிரம் என்பதற்காகவே அதை ஒதுக்காதீர்கள். எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலங்களின் சத்தமே அதுதான். என்னிடம் ஒன்று இருக்கிறது. விற்க மாட்டேன்.

சிம்பலைப் புளி போட்டு விளக்குவது

இதை நான் செய்யவில்லை. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து என் அத்தை செய்தார். குத்துவிளக்கு, அண்டா, கூடவே என் டிரம் செட்டின் வட்டத் தட்டான 18 அங்குல சிம்பல். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, முற்றத்தில் வெயிலில் சாய்த்து வைத்திருந்தார். எனக்குச் செய்த உதவி என்றுதான் நினைத்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல சிம்பல் பித்தளை கிடையாது. அது வெண்கலம். பெரும்பாலும் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. புளிப்பு பட்டதும் என் சிம்பலில் திட்டுத்திட்டாகச் செந்நிறம் ஏறியது. மேலே அச்சடித்திருந்த கறுப்பு எழுத்து முழுக்கப் போயிற்று. பாலிஷ் மெஷினில் கொடுப்பது அதைவிட மோசம். மெஷினின் சூடும் சிம்பலைக் கெடுக்கும், கடைந்த நுண்கோடுகளும் மழுங்கிவிடும். பல வருஷம் படிந்த அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் தெரிந்தவர்கள் முதலில் பார்க்கிறார்கள். அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

வாங்கும்போது விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். விரிசல் இருந்தால் நகம் தடுக்கும். நடுத்துளை வட்டமாக இருக்கிறதா, ஸ்டாண்டில் தேய்ந்து சாவித்துவாரம் மாதிரி நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாத் திருகையும் ஒரே டப்பாவில் போடுவது

போடாதீர்கள். தோலை இறுக்கும் திருகுக் கம்பிதான் ராட். பழைய பிரிட்டிஷ் செட்டின் மரை வேறு, அமெரிக்க ராடின் மரை வேறு. கை விரலால் சுலபமாகச் சுற்றவில்லை என்றால் சாவி போடக் கூடாது.

தோலுக்காக மரத்தை அறுப்பது

மேலூர்ப் பக்கம் ஒரு பேண்டு செட்டுக் குடும்பம். தாத்தா காலத்துத் தொழில். பேரன்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்கு மேல் சாக்குக்குள் கிடந்தது செட்: ஒரு பேஸ், இரண்டு டாம், தரையில் கால் ஊன்றி நிற்கும் ஒரு ஃபுளோர் டாம். எல்லாம் ஒரே நிறம், ஒரே காலத்துப் பிரீமியர். 1922இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. ரிங்கோ ஸ்டார் லட்விக்குக்கு மாறும் முன் வாசித்தது பிரீமியர்தான். இப்படி ஒரு செட் சிதறாமல் கிடைப்பது அபூர்வம். 4,500 ரூபாய் கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்கு மூன்று மாதக் கச்சேரிப் பணம்.

சென்னையிலிருந்து புதுத் தோல் வரவழைத்தேன். பேஸுக்குப் பிரச்சினை இல்லை. டாம்களுக்குத்தான் தோல் இறங்கவில்லை. 14 அங்குல டாமுக்கு 14 அங்குலத் தோல்தானே? ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். இறங்கவில்லை. பென்சிலால் கோடு இழுத்து ஒரு மரப்பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மரம் ஊதவில்லை. 1960களின் கடைசி வரை பிரீமியர் தன் டாம்களை வேறு அளவில் செய்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 14 அங்குலத் தோலுக்கு ஷெல்லின் வெளிவிட்டம் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 13⅞. அப்போதுதான் தோலின் வளையம் ஷெல்லுக்கு வெளியே தடையில்லாமல் இறங்கும். பழைய பிரீமியர் டாமில் அந்த இடைவெளி கிடையாது. அந்தக் காலத் தோல் அதற்கென்றே செய்தது. பின்னால் அவர்களும் பொது அளவுக்கு மாறிவிட்டார்கள். என்னிடம் இருந்தது மாறுவதற்கு முந்தியது. அவ்வளவுதான் விஷயம்.

பட்டறையில் மேலும் கீழும் ஒரு அங்குல உயரத்துக்கு முத்து ஷீட்டை உரித்து, மரத்தைச் சுற்றிலும் இழைத்தார்கள். ஷெல்லின் கனமே கொஞ்சம்தான், மெல்லிய மூன்று அடுக்கு. மேல் அடுக்கு முழுக்கப் போய், நடு அடுக்கின் குறுக்கு இழை வெளியே தெரிந்தது. தோல் உட்காரும் உதடு இருக்கிறதே, பேரிங் எட்ஜ் என்பார்கள், டிரம்மின் நாதம் பிறக்கிற இடமே அதுதான். அது ஒரு பக்கம் கத்தி மாதிரி கூராகவும் மறுபக்கம் தட்டையாகவும் ஆகிவிட்டது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கோடு இழுத்துக் கொடுத்தவன் நான்.

தோல் உட்கார்ந்தது. அந்தச் சித்திரையில் மேடைக்குக் கொண்டுபோனேன். எவ்வளவு சுருதி சேர்த்தாலும் அடித்ததும் சத்தம் உள்ளேயே அமுங்கியது. முறுக்கினால் மேலே ஏறுவதற்குப் பதில் கரகரத்தது. நடு இரவு வாக்கில், வேகமான ஒரு பாட்டில், 'டப்' என்று ஒரு சத்தம். ஷெல் விரிந்து, உள்ளே ஒட்டியிருந்த வளையம் விட்டுக்கொண்டது. அன்றைக்கு மீதிப் பாட்டுகளை அந்த டாம் இல்லாமல் வாசித்தேன்.

சில வருஷம் கழித்துச் செல்லூரில் தவில் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வேறு காரியமாகப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அந்த டாமைக் காட்டினேன். அவர் டிரம் செட்டை வாசித்தவரும் இல்லை, பிரித்துப் பார்த்தவரும் இல்லை. இழைத்த ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"தம்பி, தோலு நேத்து வந்தது, நாளைக்குப் போயிரும். அத மரத்துக்குத் தக்கன வளைக்கிறது ரெண்டு நாள் வேலை. மரத்த ஏன் அறுத்தீங்க?"

அவர் மூலையிலிருந்து பழைய தவில் வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தவிலும் ஒவ்வோர் அளவு. கடையில் அளவு கேட்டு வாங்கும் பேச்சே அவர்கள் தொழிலில் கிடையாது. கட்டையை அளந்து வளையம், வளையத்தை அளந்து தோல். என் டாமுக்கும் அப்படியே செய்திருக்கலாம். ஆட்டுத்தோலை இரவு முழுக்க ஊறவைத்து, ஷெல்லின் அளவுக்குச் செய்த வளையத்தில் சுற்றிச் செருகி, நிழலில் உலர்த்தினால் எந்த அளவும் அடங்கும். அந்தப் பழைய அளவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் தோல்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன என்பதும் பின்னால் தெரிந்தது. சென்னையில் வாங்கும்போது 'பழைய பிரீமியர்' என்று இரண்டு வார்த்தை நான் சேர்த்துச் சொல்லவில்லை.

பிற்பாடு பெங்களூரிலிருந்து சேகரிப்பவர் ஒருவர் வந்தார். பேஸைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். ஃபுளோர் டாமைத் தூக்கிப் பார்த்தார். அறுத்த டாமைக் கையில் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டார். முழு செட்டுக்கு முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கடைசியில் சொன்னார். கொடுக்கவில்லை. பணம் போனது இருக்கட்டும். அந்த டாம் எப்படி ஒலித்திருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதை இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அதனால் ரிம்மை, அதாவது தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் வளையத்தை, கழற்றியதும் முதல் வேலையாக டேப்பை எடுத்து ஷெல்லின் வெளிவிட்டத்தை அளந்துவிடுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, குறுக்கும் நெடுக்குமாக நான்கு இடத்தில் அளக்க வேண்டும். நான்கும் ஒன்றாக இருந்தால் ஷெல் வட்டமாக இருக்கிறது. 14 அங்குல டாம் முழு 14ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டறைக்குப் போகாதீர்கள், தோல்காரரிடம் போங்கள்.

கிழிந்த தோலை வளையத்தோடு தூக்கிப் போடுவது

பிளாஸ்டிக் தோல் 1950களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்திய டிரம்களில் கன்றுத்தோல். கிழிந்த தோல் பயன்படாது, சரி. அதைச் சுற்றியிருக்கும் மர வளையம் அந்த ஷெல்லுக்கென்றே பிறந்தது. அது இருந்தால் புதிதாக வளையம் செய்யும் வேலையே இல்லை. தோலை நனைத்துப் பிரித்துவிட்டு வளையத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

போட்டோ பார்த்து முன்பணம் அனுப்புவது

நேரில் போங்கள்.

பரணில் ஏற்றுவது

கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் கை வைத்துப் பாருங்கள், சுடும். பழைய முத்து ஷீட் செல்லுலாய்டு. வயதாக ஆக அது சுருங்கும், வெயில் சூடு அதை இன்னும் துரத்தும். ஒட்டின இடம் வாய் பிளந்து, பிறகு நீளமாக வெடிக்கும். தகரக் கொட்டகையும் அப்படித்தான். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வையுங்கள். கரையானும் எலியும் இரண்டு பக்கமிருந்தும் வரும். எலிக்குத் தோல் பிடிக்கும், கரையானுக்கு மரம். ஷெல்லுக்குக் கீழே மாவு மாதிரி தூள் உதிர்ந்திருந்தால் உளு விழுந்திருக்கிறது. மற்றவற்றிலிருந்து அதை உடனே பிரித்துவிடுங்கள்.

ரிம்மைக் கழற்றி வெறும் ஷெல்லாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் கூடாது. கீழே இருப்பது நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். தோல், ரிம் எல்லாம் மாட்டி, எல்லா ராடும் ஒரே அளவாக, விரலால் திருகிய இறுக்கத்தில் வைத்தால் ஷெல் உருக்குலையாது.

திருமங்கலத்துத் தம்பியின் டாமை அளந்து பார்த்தோம். நான்கு இடத்திலும் ஒரே அளவு, 14க்குக் கொஞ்சம் மேலே. செல்லூர்ப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் இருக்கிறார், அவரிடம் அழைத்துப் போனேன். நேற்று தம்பி போனில் படம் அனுப்பினார். திண்ணையில் நிழலில் டாம் உலர்கிறது, ஆட்டுத்தோல் வெள்ளையாக, இன்னும் ஓரத்தில் ஈரம் தெரிய. பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அதை அழிக்க ரப்பர் போதும், உப்புத்தாளைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.