மலை ஓடைகளில் ஒளிந்திருக்கும் மீன் இனங்கள்: தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

காவிரியின் திமில் மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைத் தூண்டில்காரர்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அறிவார்கள். ஆனால் அதற்குரிய அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. நீலகிரி அடிவாரத்து மோயாற்று மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, அது 2007-இலேயே பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்று தெரிந்தது. அந்த விவரிப்புக்கு எடுத்துக்கொண்டவை இளம் மீன்கள். பெரிய மீனுக்கு வரும் திமிலை அவற்றில் எங்கே தேடுவது?

பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மீன்களுக்குள் தனி இனம் ஒளிந்திருக்கிறதா என்று அளவெடுத்துத் தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். மீன் வளர வளர உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளராது. சின்ன மீனுக்குக் கண் பெரிதாகத் தெரியும், வளர்ந்ததும் தலையோடு ஒப்பிட்டால் சிறுத்துவிடும். ஓர் ஓடையில் குஞ்சுகளையும் இன்னோர் ஓடையில் பெரியவற்றையும் பிடித்து அளந்தால், வெறும் வயது வித்தியாசமே இரண்டு இனங்கள்போல் காட்சி தரும். நிலைநீளத்தால், அதாவது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரையுள்ள நீளத்தால், மற்ற அளவுகளை வகுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஒத்த அளவுள்ள மீன்களை ஒப்பிட வேண்டும், அல்லது வளர்ச்சியின் விளைவைக் கணக்கிட்டு நீக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் கலந்துவிடுவதும் இதே ரகம். பாறையில் ஒட்டி வாழும் கர்ரா மீன்களில், இனப்பெருக்கக் காலத்து ஆணின் மூக்கில் முண்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து 'புது மீன்' என்று துள்ளக் கூடாது. இரண்டு பேர் அளந்தால் இருவர் கணக்கும் ஒத்துவருகிறதா என்று முதலில் ஒரே மீனை வைத்துச் சோதிப்பதும் நல்லது.

அடுத்தது, மலையின் பெயரை வைத்து மாதிரிகளை ஒன்றாகக் கொட்டுவது. பழனி மலையின் வடசரிவுத் தண்ணீர் சண்முகநதி போன்ற ஆறுகள் வழியாக அமராவதிக்கும் பிறகு காவிரிக்கும் போகிறது. தென்சரிவு ஓடைகள் வைகைப் பக்கம் இறங்குகின்றன. நீலகிரியிலும் பைக்காரா மோயாறாகிப் பவானியில் சேர்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறோ சாலியாற்றின் வழியாக அரபிக்கடலுக்கு ஓடுகிறது. மீனுக்கு முகவரி மலை இல்லை, ஆற்றுப்படுகை. 'கொடைக்கானல் அருகே' என்று மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை. எந்த ஓடை, எந்தப் படுகை, என்ன உயரம் என்பதைக் கரையிலேயே எழுதிவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். காவிரியில் இன்று காணும் நீலத்துடுப்பு மஹசீர் அப்படி வந்ததுதான்.

சரி, மரபணுவுக்கு வருவோம். மீனை நேரே, உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டுவிட்டால் அப்புறம் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. முதலில் உயிர் நிறம் தெரிய ஒரு புகைப்படம், பிறகு துடுப்பில் ஒரு துண்டு தூய எத்தனாலுக்கு, அதன்பின் உடல் ஃபார்மலினுக்கு. மூன்றுக்கும் ஒரே எண். இதெல்லாம் வனத்துறை அனுமதி கையில் கிடைத்த பிறகுதான்.

வழக்கமாகப் படிப்பது சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துகள். அதில் இரண்டு விழுக்காடு வேறுபட்டால் தனி இனம் என்ற வாய்ப்பாடு பலருக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மரபணு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் இருப்பது, தாய்வழி மட்டுமே வருவது. என்றோ நடந்த கலப்பினால் ஓர் இனத்தின் மைட்டோகாண்ட்ரியா இன்னோர் இனத்துக்குள் நுழைந்திருந்தால் அது காட்டும் உறவு தவறாகும். செல்லின் உட்கருவில் உள்ள ஒரு மரபணுவையாவது சேர்த்துப் படியுங்கள். டிஎன்ஏ வரிசைகளைச் சேமித்து வைக்கும் பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பெயர்களையும் அப்படியே நம்பாதீர்கள். தவறாக அடையாளம் கண்ட மீனின் வரிசையும் அங்கே அதே தோரணையில் உட்கார்ந்திருக்கும்.

இத்தனையும் தேறினாலும் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம். உங்கள் மீனுக்கு யாராவது முன்பே பெயர் வைத்திருக்கலாம். நம் பகுதி மீன்கள் பலவற்றுக்குப் பெயரிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு மீனியலாளர் ஃபிரான்சிஸ் டேயின் மாதிரிகள் இன்று லண்டன், கொல்கத்தா, சிட்னி என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் டிஎன்ஏ கிடைப்பது அரிது. அதனால் அவர் மீன் பிடித்த அதே ஆற்றுக்குப் போய்ப் புதிதாக மீன் எடுத்து, அதை உங்கள் மீனோடு ஒப்பிட்டாக வேண்டும்.