ஜாங்கோவில் கணக்கு உறுதிப்படுத்தும் டோக்கன் செல்லாமல் போனால்

பைத்தான் மொழியில் இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ கட்டமைப்பில், புதிதாகப் பதிவுசெய்தவர் மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கியும் ‘டோக்கன் செல்லாது’ என்றே வந்தால், அந்த டோக்கனை, அதாவது இணைப்பில் உள்ள சரிபார்ப்புக் குறியீட்டை, தரவுத்தளத்தில் தேட வேண்டாம். ஜாங்கோவின் கடவுச்சொல் மீட்பு டோக்கன் உருவாக்கியையே பதிவுக்கும் பயன்படுத்தும் பரவலான முறையில் டோக்கன் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பயனர் எண், கடவுச்சொல்லின் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கப்படும் மறைவடிவம்), கடைசி உள்நுழைவு நேரம், மின்னஞ்சல் முகவரி, உருவான நேரம் ஆகியவற்றை தளத்தின் அமைப்புகளில் உள்ள ரகசியச் சாவியுடன் (SECRET_KEY) சேர்த்து ஒவ்வொரு முறையும் கணக்கிட்டே சரிபார்க்கப்படுகிறது.

எனவே, இவற்றில் எது இடையில் மாறியது என்பதே கேள்வி. பயனரைச் சேமிக்கும் முன்பே டோக்கனை உருவாக்கியிருந்தால், அப்போது பயனர் எண்ணே இருந்திருக்காது. பல சர்வர்களில் தளம் இயங்கினால், எல்லாவற்றிலும் ரகசியச் சாவி ஒன்றுதானா என்று பாருங்கள். காலாவதி இயல்பாக 259200 விநாடிகள், அதாவது 3 நாட்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு மட்டும் பிழை வந்தால், சர்வர் பதிவேட்டில் அதே இணைப்பு இருமுறை திறக்கப்பட்டுள்ளதா என்று அவசியம் தேடுங்கள். சில நிறுவனங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள், பெறுநருக்கு முன்பே இணைப்பைத் திறந்து சோதிக்கும். உங்கள் நிரல் அப்போதே பயனரை உள்நுழையச் செய்தால், கடைசி உள்நுழைவு நேரம் மாறி, அவர் சொடுக்கும்போது டோக்கன் செத்திருக்கும். இணைப்பைத் திறந்ததும் ஒரு பொத்தானை மட்டும் காட்டி, அதை அழுத்தி போஸ்ட் (POST) கோரிக்கை, அதாவது படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது சர்வருக்குச் செல்லும் கோரிக்கை, வந்த பிறகே கணக்கை உறுதிப்படுத்துங்கள்.