தம்மிடம் இல்லாத உணர்வைப் பிறரிடம் புரிந்துகொள்வது எப்படி?

எதற்கும் அஞ்சாத ஒருவர் அச்சத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? அதை அப்படியே உணர முடியாது. ஆனால் முயன்றால் ஓரளவு சரியாக அறிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து. முதலில், 'எனக்கெல்லாம் அப்படி இல்லையே' என்று சொல்வதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, உடலைக் கவனியுங்கள். உயரம் என்றால் எனக்குப் பயமே கிடையாது. மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்துக்கு என் மைத்துனனை அழைத்துச் சென்றபோது, அவன் கடலைப் பார்க்காமல் சுவரோடு ஒட்டி நின்று என் சட்டை நுனியைப் பற்றியிருந்தான். வெளுத்துப்போயிருந்த அந்த விரல்களைக் கண்ட பிறகுதான், படியேறும்போது நான் செய்த கேலி எனக்கே உறுத்தியது.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்கிறது. அச்சத்துக்கு அவை அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற தலைவர்). உணர்வை அதன் பிறப்பிடத்திலிருந்து அணுகும் இந்த முறை இன்றும் உதவும். ஆகவே "ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்காதீர்கள்; அதில் குற்றம் சாட்டும் தொனி உண்டு. "எதைப் பார்த்ததும் தொடங்கியது?" என்று கேளுங்கள்.

பிறகு, உங்களிடம் இருக்கும் அண்டை உணர்வைத் தேடுங்கள். மேடையேறினால் எனக்கு நா வறளும்; அதையே பலமடங்கு பெருக்கிப் பார்த்தேன். இந்தக் கணக்கு தவறக்கூடும் என்பதால், புரிந்துகொண்டதை உரியவரிடமே சொல்லித் திருத்தம் கேட்பது அவசியம். விழுந்துவிடுவோம் என்றுதானே பயந்தாய் என்று மைத்துனனிடம் கேட்டேன்.

"இல்லை மாமா, நானே குதித்துவிடுவேனோ என்றுதான்" என்றான்.